அம்மனுக்குப் போன கால்

மலேசியாவில் ரந்தா என்ற ஊரில் வந்து இறங்கிய மறுநாள் காலையில் நான் ஒரு பொய் சொன்னேன். வாயைத் திறக்காமலேயே சொன்னேன். வாய் நிறைய ரொட்டி சானாய் என்கிற இந்த ஊர்ப் பரோட்டா இருந்தது.

சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த மனிதர் என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே அது செயற்கைக் கால். உட்காரும்போது கால்சட்டை கொஞ்சம் மேலேறினால் உலோகக் கம்பி எட்டிப் பார்க்கும்.

"இண்டியா ஆர்மின்னு உங்க மச்சான் சொன்னாரு. சண்டையில போனதாண்ணே, காலு?"

நான் தலையாட்டினேன். 'இல்லை' என்று ஆட்டத்தான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நீண்ட விளக்கம் சொல்ல வேண்டும், ரொட்டியோ இன்னும் இறங்கவில்லை. நான் விழுங்கி முடிப்பதற்குள் அவர் பக்கத்து மேசைக்குத் திரும்பி, "பார்டர்ல குண்டு பட்டுச்சாம்" என்று சொல்லிவிட்டார். நான் கேட்டிருந்த தே தாரேக், நுரைக்க ஆற்றிய தேநீர், வந்து சேர்ந்தபோது குண்டுகள் மூன்றாகியிருந்தன. மூன்று என்று முடிவு செய்தவன் என்னோடு வந்திருந்த மச்சான், என் மனைவியின் தம்பி.

உண்மை இதுதான். ராணுவத்தில் எனக்கு ஸ்டோர் வேலை. பருப்பு, கோதுமை மாவு, வெங்காயம், மண்ணெண்ணெய். ஒருநாள் சமையல்கூடத்துக்குத் தண்ணீர் டேங்கர் வந்தது. அதைப் பின்பக்கமாக உள்ளே விடுவதற்கு வழிகாட்டினேன். கையை ஆட்டி ஆட்டி, 'வா, வா, வா' என்றேன். டிரைவர் வந்தான். 'வா' என்று சொன்னால் வருகிற, நல்ல கீழ்ப்படிதலுள்ள சிப்பாய். 'நில்' என்று சொல்ல வேண்டியவன் நான். எனக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்ததை மறந்துபோனேன். கால் போனபிறகும் என்னை அதே ஸ்டோரில் வைத்துக்கொண்டார்கள். ஓய்வு பெறும் நாள்வரை எந்த வண்டிக்கும் வழிகாட்ட மட்டும் விடவில்லை.

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இதையெல்லாம் மறைக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர். கல்யாணப் பந்தியில் நான்கு பேர் டேங்கர் கதையை என் முன்னாலேயே நடித்துக் காட்டுவார்கள். ரந்தாவில் நான் ஒருவன்தான் பட்டாளத்துக்காரன். அதனால் ஒரு போர்வீரனுக்கு உரிய மரியாதை முழுக்க என் ஒருவன் தலையில் வந்து விழுந்தது.

இங்கே வந்தது என் மனைவிக்காக. அவள் பிறந்தது இங்குள்ள எஸ்டேட் ஒன்றில். என் அத்தை மகள். கல்யாணமாகி என்னோடு வந்தவள் முப்பத்தைந்து வருடம் நான் போன இடமெல்லாம் வந்தாள். எனக்கு அறுபத்திரண்டு வயதானபோது, "இனிமேலாவது எங்க ஊர்ல இருப்போமே" என்றாள். ஒரு வருடம் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று நான் நிபந்தனை போட்டேன். நிபந்தனைக்கு அடையாளமாக என் துணிகளைச் சூட்கேஸிலிருந்து வெளியே எடுக்கவில்லை. தினமும் கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்துச் சட்டை எடுப்பேன்.

பொய் சொன்ன அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்களாவே போய் உண்மையச் சொல்லிடுங்க. வேற யாராவது சொல்லி வெளிய வந்தா நாம இங்க தலைநிமிந்து இருக்க முடியாது."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த 'நாளை' பத்து மாதம் வரவில்லை. அதற்குள் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் என்னைப் பரிசு கொடுக்கக் கூப்பிட்டார்கள். போர் அனுபவத்தைப் பற்றி நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். "ராணுவ ரகசியம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆனது. ஒருநாள் இது வெளியே வரும், அன்றைக்கு நான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும், அவள் இரண்டாம் முறையாகத் தன் ஊரை விட்டு வருவாள். இதுதான் என் பயம்.

பிறகு எஸ்டேட் மாரியம்மன் திருவிழா வந்தது. எஸ்டேட்டில் ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்டது, மக்களும் டவுனுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் திருவிழாவுக்கு அத்தனை பேரும் கார் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். என் மச்சான் கோயில் கமிட்டிச் செயலாளர். விடிந்ததிலிருந்து மைக்கைக் கையைவிட்டு இறக்கவில்லை.

எனக்குக் கோயில் என்றாலே ஒரு சிக்கல். என் செயற்கைக் கால் ஷூவோடு சேர்ந்தால்தான் கால். ஷூவைக் கழற்றினால் குதிகால் உயரம் குறைந்து நான் பின்பக்கமாகச் சாய்வேன். ஷூவோடு கோயிலுக்குள் போக முடியாது. அதனால் காலையே கழற்றி வாசலில் வைத்துவிட்டு, அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு உள்ளே போவது வழக்கம். அன்றைக்கு வாசலில் செருப்புகள் மலைபோல் கிடந்தன. கால் அதில் புதைந்துவிடுமே என்று, பக்கத்தில் இருந்த மேசையில் சாய்த்து வைத்தேன்.

அது காணிக்கை வாங்குகிற மேசை.

கண்ணில் கோளாறு என்றால் வெள்ளியில் கண், கையில் வலி என்றால் வெள்ளியில் கை என்று வேண்டிக்கொண்டு அம்மனுக்குச் செலுத்துவார்கள் அல்லவா, அவற்றை வாங்கித் தட்டில் அடுக்குகிற மேசை. அங்கிருந்த பெண்களுக்கு என் காலைப் பார்த்ததும் சந்தேகமே வரவில்லை. மற்றவர்கள் விரல் நீளத்தில் வெள்ளித் தகடு கொடுக்கிறார்கள், பட்டாளத்து மாமா முழுசாகவே கொடுத்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார்கள். ஆசாரம் தெரிந்தவர்கள். ஷூவை மட்டும் கழற்றி வாசலில் வைத்துவிட்டுக் காலை உள்ளே அனுப்பினார்கள்.

கூட்டத்தில் ஊர்ந்து நான் சன்னதிக்குப் போய்ச் சேர்ந்தபோது, எனக்கு முன்பே என் கால் அங்கே இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். கம்பியில் வேப்பிலை செருகியிருந்தது. பூசாரி அதற்கும் சேர்த்து ஆரத்தி காட்டினார். ஒலிபெருக்கியில் என் மச்சானின் குரல் தழுதழுத்தது.

"நாட்டுக்காக மூணு குண்டு வாங்கின எங்க மாமா, இன்னிக்குத் தன்னோட காலையே ஆத்தாளுக்குக் காணிக்கையாக் குடுத்துட்டாரு!"

பெண்கள் குலவையிட்டார்கள். சிலர் என் காலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார்கள். யாரோ அதைப் படமெடுத்து வாட்சப் குழுவில் போட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. எனக்கு அந்த நேரத்தில் ஒரே கவலை. அந்தக் காலை விட்டால் எனக்கு வேறு கால் இல்லை.

பூசாரியின் காதருகே குனிந்து, தவறு நடந்துவிட்டது என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் சட்டம் பேசுகிறவர்.

"ஆரத்தி காட்டியாச்சுங்க. சும்மா எடுத்துக் குடுக்க முடியாது லா. எடைக்கு எடை சீனி வச்சு மாத்திக்கலாம், அது நம்ம கோயில் வழக்கம்தான். ஆனா மாத்துறவரு எதுக்கு மாத்துறாருன்னு ஆத்தா முன்னுக்கு வாயத் தெறந்து சொல்லணும். கற்பூரத்த வச்சிக்கிட்டுப் பொய் சொல்லக் கூடாது."

என் மச்சான் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினான். வேண்டாம் என்று கையசைத்தேன். அடக்கம் என்று நினைத்து இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தான். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் என் மனைவியைத் தேடினேன். அவள் தூணுக்குப் பக்கத்தில் நின்று, என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள்.

சொன்னேன். காணிக்கை இல்லை, மறந்து வைத்தது என்பதில் ஆரம்பித்து, குண்டு இல்லை, டேங்கர் என்பதுவரை. எட்டு ஒலிபெருக்கிகள் அதைச் செம்பனைத் தோட்டம் முழுக்கக் கொண்டுபோயின. மேளம் நின்றுவிட்டது.

"மாமா, அப்ப அந்த மூணு குண்டு?" என்றான் என் மச்சான், மைக்கிலேயே.

"அது நீ சுட்டது, மச்சான்."

யாரும் சிரிக்கவில்லை. அப்போது ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஒரு முதியவர் எழுந்தார். ரப்பர் காலத்தில் இதே எஸ்டேட்டில் மண்டோராக ஆட்களை மேய்த்தவர்.

"லோரி கோஸ்தான் வந்துச்சா?" என்று கேட்டார். பின்னால் வருவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமாங்க."

"கோஸ்தான், கோஸ்தான்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை. "டிராக்டருக்குப் பின்னுக்கு டிரெய்லர் மாட்டுறப்ப போனது. கோஸ்தான் சொன்னது நான்தேன்!" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன்பிறகு கூட்டத்தை அடக்க முடியவில்லை. செம்பனைக் குலை வெட்டும்போது முள் குத்திக் கண் மங்கிய ஓர் அம்மாள், "அந்தத் தட்டுல ஓரமா இருக்கிற வெள்ளிக் கண்ணு என்னுது, தம்பி" என்றார். ஒருவர் தொழிற்சாலை இயந்திரத்தில் போன விரல் நுனியைக் காட்டினார். அந்தத் தட்டில் இருந்த ஒவ்வொரு கைக்கும் கண்ணுக்கும் சொந்தக்காரர் என்னைச் சுற்றித்தான் நின்றிருந்தார்.

பழைய மண்டோர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "இங்கிட்டு வந்து ஒக்காருங்க. சண்டையில போன காலுன்னதும் ஒங்ககிட்ட பேசவே கூச்சமா இருந்துச்சு. வேலையில போனதுன்னா நம்ம ஆளு."

உட்கார்ந்தேன். அழுகை வந்தது. முகத்தைத் துடைப்பதுபோல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டேன்.

முன்பு ரப்பர் நிறுத்த பழைய தராசைக் கொண்டுவந்தார்கள். ஒரு தட்டில் என் கால், மறுதட்டில் சீனிப் பாக்கெட்டுகள். மூன்று பாக்கெட்டும் நான்கு கைப்பிடியும் பிடித்தது. ஷூவைச் சேர்க்க வேண்டுமா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. பூசாரி வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். அந்தச் சீனி முழுவதையும் பாயசத்தில் கொட்டினார்கள், நானும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்தாள். இத்தனை பேர் முன்னால் இப்படி ஆகிவிட்டதே, கிளம்பலாம் என்று முடிவு செய்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.

"வருசம் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கே" என்றேன்.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். பத்து மாசமா காலையில நீங்க முழிச்சதும் உங்க முகத்தத்தான் பாக்குறேன். இன்னிக்குக் கிளம்பலாம்னு சொல்லிடுவீங்களோ, இன்னிக்குச் சொல்லிடுவீங்களோன்னு."

நான் மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் பெட்டியைப் பிரித்து அடுக்கியது அவள்தான். எத்தனை வருடம் இங்கே, எப்போது திரும்புவோம் என்று ஒருமுறைகூட அவள் என்னைக் கேட்டதில்லை. இப்போது பட்ட வெட்கத்தோடு பார்த்தால், மைக்கின் முன்னால் பட்டது ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

காலி சூட்கேஸை அலமாரிக்கு மேலே வைக்க அவள் முக்காலியில் ஏறினாள். நான் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் பின்னால..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க வழி சொல்லவே வேணாம்" என்றாள். "முக்காலியப் புடிச்சுக்குங்க, போதும்."

பிடித்துக்கொண்டேன்.