304-ஆம் அறைக்காரரின் செருப்பு

தாய்லாந்தின் சியாங் மாயில், பழைய நகரத்து வடக்கு அகழிக்குப் பின்னால் வளைந்து போகும் ஒரு சந்தில், நாலு மாடி வாடகைக் கட்டடம் ஒன்றைப் பத்தொன்பது வருடமாகக் கட்டிக் காப்பவள் லம்யை. பெருக்குவது, துடைப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது, வாடகைக்காரர்கள் சண்டை போட்டால் நடுவில் போய் நிற்பது எல்லாம் அவள்தான். குடியிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளைக்காரர்கள். யார் அறையில் இருக்கிறார், யார் வெளியே போயிருக்கிறார் என்று அறிய அவளுக்குக் கேமராவும் வேண்டாம், சாவிப் பலகையும் வேண்டாம். மாடிப்படி அடியில் உள்ள செருப்புத் தட்டை ஒரு பார்வை பார்ப்பாள். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ராயோங் பக்கம் படகு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடித்தனம் போட்டுவிட்டான். அழுது முடித்த கையோடு, பிராவ் ஊரிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறி வந்து இந்த வேலையில் சேர்ந்தாள். மகள் இப்போது கல்யாணமாகி லம்பூனில் இருக்கிறாள். லம்யை தன் வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை. ஆனால் வெளிநாடுகளைப் பற்றி அவளிடம் கேளுங்கள், விடிய விடியச் சொல்வாள். அவளுக்குத் தெரிந்த நாடுகள் எல்லாம் இல்லாமைகளால் ஆனவை. ஜெர்மனியில் கக்கூஸில் கழுவத் தண்ணீர்க் குழாய் கிடையாது, வெறும் காகிதம்தான். ஸ்காட்லாந்தில் பழத்தை நறுக்கி மிளகாய் உப்போடு பையில் போட்டுத் தர வீதியில் ஒருத்தரும் இல்லை. கனடாவில் மழை பெய்தால்கூடக் குளிரும். டென்மார்க்கில் 'சாப்பிட்டாச்சா?' என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

"பாவம், ரொம்பக் கஷ்டப்படுற நாடுங்க போல," என்பாள்.

இந்தத் தகவல்களை எல்லாம் அவளுக்குத் தந்தவர்கள் ஊர் திரும்பிய அதே வெள்ளைக்காரர்கள்தான். மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறிய அறை உண்டு. கிளம்பும் ஒவ்வொருவரும் சொல்லி வைத்தாற்போல ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நிற்பார்கள். "ஆறே மாசம்தான் அக்கா, வந்துடுவேன். இது மட்டும் இங்க இருக்கட்டும்." சோறு வேகவைக்கும் பானை, ஹெல்மெட், மேசை விசிறி, ஓட்டைக் கிட்டார். அவள் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைக் கட்டி, பேரும் அறை எண்ணும் எழுதி உள்ளே வைப்பாள். மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் காயப்போடுவாள். அது அவள் வேலையில் சேர்ந்ததல்ல. வைத்திருக்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

சிலர் திரும்பி வந்தார்கள். பலர் போனில் மட்டும் வந்தார்கள். போனில் வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஏங்கினார்கள். ஒருத்தி சந்து முனைப் பன்றி இறைச்சிக் கடைப் புகையைக் கேட்பாள். புகையை எப்படி அனுப்புவது?

எல்லாரிலும் விடாமல் பேசியவர் பிரேபன். டென்மார்க்கில் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். பதினோரு வருடம் 304-இல் குடியிருந்தார். அந்தப் பெயர் சந்தில் யார் வாயிலும் நுழையாததால் எல்லாருக்கும் பென் அண்ணன். அந்த வட்டார வடக்கத்திப் பேச்சை லம்யையிடமிருந்தே கற்றதால், சந்தைக்காரம்மா மாதிரிதான் பேசுவார். காலையில் அவளோடு வாசலில் குந்தி ஒட்டுச் சோற்றை உருட்டித் தின்பார். கோளாறான மோட்டார் சைக்கிள் எது வந்தாலும் தன் ஸ்பானர் பெட்டியைத் திறந்துவிடுவார். நாலு வருடத்துக்கு முன்னால் இதய சிகிச்சைக்கு என்று ஊருக்குப் போனார். "நவம்பர்ல வந்துடுவேன்" என்றார். அதற்குப் பிறகு நாலு நவம்பர் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மட்டும் தவறாமல் போன் வரும்.

ஒரு ஞாயிறு அவர் சொன்ன கதையைக் கேட்டு லம்யை விழுந்து விழுந்து சிரித்தாள். பல் வைத்தியரிடம் போனவர், பழக்க தோஷத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போயிருக்கிறார். அங்கிருந்த பெண் பதறிப்போய் அவருடைய மகளுக்குப் போன் போட்டு, அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டதென்று சொல்லிவிட்டாளாம்.

இப்படி இருக்கும்போதுதான் கமோன் வந்து அந்தச் செய்தியைச் சொன்னான். கட்டடத்தின் சொந்தக்காரர் மகன். பள்ளிக்கூடப் பையனாக இருந்த காலத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். இப்போது நிர்வாகம் அவன் கையில்.

"அக்கா, படிக்கட்டுக்கு அடியில இருக்கிற ரூம்ல சலவை மெஷின் வைக்கப்போறோம். சனிக்கிழமை மெஷின் வந்துடும். அதுக்குள்ள காலி பண்ணிடுங்க."

"அதுல இருக்கிறது மத்தவங்க சாமான் தம்பி."

"தெரியும்க்கா. கேட்டுப் பாருங்க. வர்றவங்களோடதை உங்க ரூம்ல வைங்க, மத்ததைக் கோயிலுக்குக் குடுத்துடுவோம்."

நியாயமாகத்தான் பேசினான். அதனால் கோபப்படவும் வழியில்லை.

திங்கட்கிழமை முதல் போன் போட ஆரம்பித்தாள். ஜெர்மனி நர்ஸ் ஹெய்க்கேதான் முதல். அவள் பத்து நிமிடம் மாம்பழத்தைப் பற்றியும் குழாயைப் பற்றியும் புலம்பினாள். கடைசியில் பானையைப் பற்றிக் கேட்டதும், "எந்தப் பானை? ஓ, அதுவா? யாருக்காவது குடுத்துடுங்க அக்கா," என்றாள். ஸ்காட்லாந்து டீச்சர் மோராவும் அப்படித்தான். தினமும் கனவில் இந்தச் சந்து வருகிறதென்று அழுதாள், கிட்டாரைத் தூக்கிப் போடச் சொன்னாள். கனடாக்காரன் டஸ்டினுக்கு ஹெல்மெட் விட்டுவிட்டு வந்ததே ஞாபகமில்லை. புதன்கிழமைக்குள் பதினான்கு பெட்டி காலியானது.

அவர்கள் ஏங்கியது பொய்யில்லை. அழுதவர்கள் நிஜமாகத்தான் அழுதார்கள். ஆனால் ஏங்குவது வேறு, வருவது வேறு என்று பத்தொன்பது வருடமாக யாரும் லம்யையிடம் சொல்லவில்லை. அவள்பாட்டுக்கு வருடாவருடம் சாமான்களை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தன்னையே திட்டிக்கொண்டாள்.

பாக்கி இருந்தது 304-இன் பெட்டி மட்டும். அதற்கு மட்டும் போன் போடக் கை வரவில்லை. அவரும் வாய்க்குச் சுலபமாக 'தூக்கிப் போடு' என்று சொல்லிவிட்டால்? அப்புறம் இந்த வீட்டுக்கு யாருமே வரப்போவதில்லை என்று ஆகிவிடும். வியாழன் முழுவதும் ஏற்கெனவே துடைத்த படிகளையே மறுபடி துடைத்தாள். வெள்ளிக்கிழமை மாலை, போனை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன லம்யை, இன்னிக்கு ஞாயித்துக்கெழமையா?" திரையில் பிரேபன் முகம் முன்பைவிட ஒட்டிப்போயிருந்தது.

"சாப்பிட்டாச்சா அண்ணே?"

"ரொட்டி. இதைச் சாப்பாடுன்னு சொன்னா அரிசி கோவிச்சுக்கும்."

அவள் சலவை மெஷின் விஷயத்தைச் சொன்னாள். எல்லாரும் சாமானை விட்டுக்கொடுத்ததைச் சொன்னாள். உங்களுடையதை என் அறையில் வைத்துக்கொள்கிறேன், இடம் இருக்கிறது என்றாள். இடம் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கால் வைக்கத்தான் இடம்.



"விசிறியையும் சட்டைகளையும் கோயிலுக்குக் குடுத்துடு," என்றார். "ஸ்பானர் பெட்டி கமோனுக்கு. சின்ன வயசுல ஒரு போல்ட்டாவது ஒழுங்கா முறுக்கியிருப்பானா அவன்? இப்பவாவது கத்துக்கட்டும்."

லம்யைக்கு எதிர்ச் சுவர் மங்கலாகத் தெரிந்தது. "அப்ப நீங்களும் வரமாட்டீங்க."

"டாக்டர் விமானத்துல ஏறக் கூடாதுன்னுட்டாரு. இப்ப இல்ல, ரெண்டு வருஷத்துக்கு முந்தியே."

"ரெண்டு வருஷமா நவம்பர் நவம்பர்னு சொன்னீங்களே."

"நீ ஒவ்வொரு வாரமும் எப்ப வர்றீங்கன்னு கேட்ட. இங்க என்னை அப்படி யாரு கேக்குறா?"

அவளுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. முந்தானை இல்லாத ஊர் என்பதால் சட்டைக் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"செருப்பு இருக்குமே பெட்டியில? நீலம்," என்றார் அவர்.

"இருக்கு. வார் அறுந்து நீங்க சைக்கிள் டியூப் வச்சுத் தைச்சது."

"அதை மட்டும் யாருக்கும் குடுக்காத. உன் ரூம்லயும் வைக்காத. பழைய இடத்துலயே, தட்டுல போடு."

"போட்டா?"

"போட்டா நான் உள்ள இருக்கேன்."

அவள் தலையாட்டினாள். அதற்குமேல் இருவரும் இறைச்சிக் கடைக்காரன் புது வண்டி வாங்கியதைப் பற்றிப் பேசினார்கள்.

சனிக்கிழமை காலை மெஷின்களோடு கமோன் வந்தான். அறை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. லம்யை ஸ்பானர் பெட்டியை அவன் கையில் கொடுத்து, போல்ட் பற்றி பிரேபன் சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். அவன் சிரித்தான். மூடியைத் திறந்தவன், ஒவ்வொரு ஸ்பானரும் எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. மூடியை மெதுவாக மூடினான்.

தன் ஷூவைக் கழற்றத் திரும்பியபோது தட்டில் அந்த நீலச் செருப்பு கண்ணில் பட்டது. படகு மாதிரி நீளம். இந்தச் சந்தில் வேறு யாருக்கும் அந்தப் பாதம் கிடையாது.

"இதை விட்டுட்டீங்களே அக்கா. இதையும் குடுத்துடலாம்ல? 304 இப்பக் காலியாத்தான கெடக்கு."

"காலி இல்ல தம்பி," என்றாள் லம்யை. "செருப்பு கெடக்குது பாருங்க."

கமோன் செருப்பைப் பார்த்தான். டியூப் தையலைப் பார்த்தான். பிறகு மாடிப்படியை மேல்வரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். தன் ஷூவைக் கழற்றி, அந்தச் செருப்பில் இடிக்காமல் தள்ளி வைத்தான்.

"சாப்பிட்டாரான்னு நான் கேட்டதாச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு மேலே போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் போன் வந்ததும் அவள் முதலில் கமோன் கேட்டதைத்தான் சொன்னாள். பிரேபன், சாப்பிட்டாயிற்று என்று அவனிடம் சொல்லச் சொன்னார்.