'முற்றும்' என்று நான் போட்ட சொல்

காகிதத்தின் மேல் பிளேடு உரசும் சத்தம் ரொம்பச் சின்னது. காது கொடுத்தால்தான் கேட்கும். கள்ளக்குறிச்சியில் நான் வேலை செய்யும் அச்சகத்தில், பைண்டிங் மேசை ஓரமாக உட்கார்ந்து ஒரு பெரியவர் பல நாள் அப்படி உரசிக்கொண்டிருந்தார். மெஷின் ஓடாத நேரத்தில் இப்போதும் எனக்கு அது கேட்கிறது.

பிள்ளைகளே, மலைக்குள் நடந்து போகும் பெண்ணின் கதையை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். பாறை கதவாகத் திறக்கும், அருவி கீழிருந்து மேலே ஏறும், கரடி சாமைக் கூழ் காய்ச்சிக் கொடுக்கும். அதை எழுதியவர் அவர்தான். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தார். ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுவார். மலையிலிருந்து இறங்கும் வெள்ளிமலை பஸ் வந்து நின்றால் மட்டும் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய், கடைசி ஆள் இறங்கும் வரைக்கும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய ஒரே மகள், பத்து வயதில், மலைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் காணாமல் போனவள். என்ன ஆனாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர் எழுதிய எல்லாக் கதையிலும் ஒரு பெண் மலைக்குள் போவாள். பசிக்காமல், பயப்படாமல் நடப்பாள்.

நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். டைப் அடிப்பதுதான் என் வேலை. அவருடைய கடைசிப் புத்தகத்தை அடித்து முடித்தபோது கடைசிப் பக்கம் பாதி காலியாக இருந்தது. எல்லாக் கதைக்கும் போடுகிற பழக்கத்தில், நடுவில் கொட்டை எழுத்தில் 'முற்றும்' என்று போட்டேன். அவர் தந்த தாளில் அது இல்லை. அவரிடம் காட்டாமலே அச்சும் ஏறிவிட்டது.

அச்சான புத்தகங்களை வாங்க வந்த பெரியவர் கடைசிப் பக்கத்தைப் பிரித்தபடி நின்றார்.

"இன்னா தம்பி இது?"

"கதை முடிஞ்சா போடறதுதானேங்க ஐயா."

"முடிஞ்சிச்சின்னு உன்னாண்ட யாரு சொன்னது?"

திட்டவில்லை. மறுநாள் பிளேடோடு வந்து, ஒவ்வொரு புத்தகமாக அந்தச் சொல்லைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"சொரண்டிக்கினே இருக்கீங்களே, லாட்டரி இன்னா வுழப் போவுதா?" என்று முதலாளி கிண்டல் செய்தார்.

"வுழுந்தா பாதி உனக்குத்தான்" என்றார் தலை நிமிராமல்.

நானும் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். "நீ உன் வேலயப் பாரு தம்பி. இது என் வூட்டு வேல" என்று சொல்லிவிட்டார்.

புத்தகங்களில் பாதிகூட முடியவில்லை, இறந்துபோனார். அவர் காரியத்துக்குப் போய் நான் திரும்புவதற்குள் மீதிக் கட்டுகள் எல்லாம் கச்சிராயபாளையம், தியாகதுருகம் என்று பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டன.

போன வாரம் என் மகள் பள்ளியிலிருந்து அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பொண்ணு செத்துப்போச்சாப்பா? முற்றும்னு போட்டிருக்குதே."



அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் அந்தச் சொல் இருந்தால், அது அவர் எழுதியது இல்லை, நான் போட்டது. பிளேடு வேண்டாம், கையை அறுத்துக்கொள்வீர்கள். பென்சிலால் அழுத்தி அடித்துவிடுங்கள். டீச்சர் கேட்டால், அதைப் போட்டவனே அடிக்கச் சொன்னான் என்று சொல்லுங்கள்.