வெள்ளிக்கிழமை வைத்த பலாக்காய்க் குழம்பு

நான் வைத்தது ஒரு குழம்பு, அவ்வளவுதான். அதனால் இப்படியெல்லாம் நடக்கும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், "போய் உன் சோலியைப் பாரு" என்று விரட்டிவிட்டிருப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. கல்யாணமாகி சேலத்துக்கு வந்த எனக்கு அது முதல் தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மாமனார், மூன்றே பேர். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டுக்காரருக்கு லாரி ஓட்டுகிற வேலை. ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவார்.

கத்தோலிக்கர்களான எங்கள் வேதக்காரர் வீடுகளில் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி கூடாது. மாமனாருக்கு வெள்ளி மட்டுமில்லை, தபசு காலம் முழுக்க, பாஸ்குத் திருநாள் வரைக்கும் எந்த நாளும் கிடையாது. என் வீட்டுக்காரர் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் சொருகிவிட்டதாம். "பிள்ளையைக் குடு தாயே, சாகற வரைக்கும் தபசு காலத்துல கறி தொடமாட்டேன்" என்று மாமனார் மாதா முன்னால் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்துவிட்டது.

நல்ல நேர்ச்சைதான், யார் இல்லை என்றது? ஆனால் அடுப்படியில் நிற்கிறவளுக்கல்லவா தெரியும் பாடு! கீரை, பருப்பு, மாங்காய்ப் பச்சடி, முருங்கைக்காய், மறுபடியும் கீரை. வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது. மாமனார் வாய் திறந்து ஒரு குறை சொல்லமாட்டார். தட்டைப் பார்த்துப் பெருமூச்சு மட்டும் விடுவார். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கமிருந்து ஒரு மலைக்காரம்மா கூடையில் பிஞ்சுப் பலாக்காய் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் பலா என்றால் பழம்தான். காயை எவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொல்லிமலை அடிவாரத்தில் பிறந்தவள் நான், விடுவேனா? எங்கள் ஊரில் கோடைக்கு ஏழை வீட்டுக் கறியே அதுதான். சல்லிசாகத்தான் கொடுத்தார்.

கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு முள்தோலைச் சீவினேன். இல்லாவிட்டால் பால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கிவிடும். துண்டுகளை மஞ்சளும் உப்பும் போட்டு அரைவேக்காடு வேகவைத்தேன். மல்லி, மிளகாய், மிளகு, சோம்பு, பட்டை, கிராம்பு எல்லாம் வறுத்து, கசகசாவும் தேங்காயும் சேர்த்து அம்மியில் வழுவழுவென்று அரைத்தேன். சின்ன வெங்காயம் எண்ணெயில் சிவந்ததும் மசாலாவைக் கொட்டினேன் பாருங்கள், எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. துண்டைப் பிட்டால் கறி மாதிரியே நார்நாராக வந்தது. இன்னதென்று சொல்லாமல் போடுவோம், சாப்பிட்டுவிட்டு மாமனாரே கேட்கட்டும் என்று ஒரு குறும்பு எனக்கு.

மத்தியானம் மாமனார் உட்கார்ந்தார். முதல் வாய் வைத்ததும் கை அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார்.

"இன்னும் ரெண்டு துண்டு போடு சாமி" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆளே இல்லையே அவர்!

கை கழுவினவர் நேரே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு குடையை எடுத்தார்.

"ஏனுங்க மாமா, இந்த வெயில்ல எங்கீங்க?"

"கோயிலுக்கு. சாமியார்கிட்டப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணோணும். கறி தின்னுபோட்டனே சாமி."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. புறக்கடைக்கு ஓடி முள்தோலை அள்ளிக்கொண்டு வந்து காட்டினேன். "மாமா, இது பலாக்காய்ங்க! கறியே இல்லீங்க!"

அவர் சிரிக்கவில்லை. தோலைத் தொட்டுப் பார்த்தார். "காயாவே இருக்கட்டும் சாமி. நான் கறின்னு நெனச்சுத்தான தின்னேன்? வெள்ளிக்கெழமை, நேர்ச்சை எல்லாம் மொத வாயிலயே ஞாபகம் வந்துருச்சு. புதுசா வந்த புள்ள, மறந்து ஆக்கிப்போட்டாப்பல இருக்குதுன்னு தெரிஞ்சேதான் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனேன்."

சேசு மரி சூசையே! என் கையிலிருந்த தோல் அப்படியே கீழே விழுந்துவிட்டது.

"அவன் மலையில வண்டியோட இருக்கற நேரம் பார்த்தா எனக்கு நாக்கு கேக்கோணும்?" என்று சொல்லி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கோயிலுக்கும் போகவில்லை. மாதா அப்படியெல்லாம் செய்யமாட்டாங்க மாமா என்று வாய் சொல்கிறது, கண் தெருமுனையையே பார்க்கிறது. அந்த மலைப்பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றும் கண்முன்னால் வந்தன. பாழாய்ப்போன குழம்பு, வீடு முழுக்க மணத்துக்கொண்டு கிடந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில், மேலெல்லாம் புழுதியோடு என் வீட்டுக்காரர் முழுசாக வந்து நின்றார். எனக்கு உயிர் வந்தது. மாமனார் எழுந்து மகனின் தோளையும் கையையும் தடவிப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் சிரித்த என் வீட்டுக்காரர், "பசி உயிர் போகுது, சோறு போடு" என்று உட்கார்ந்தார்.

குழம்பை ஊற்றி, "ஏனுங்க, இது" என்று ஆரம்பிப்பதற்குள் மாமனார் கண்ணாலேயே என்னை அடக்கினார். அந்தக் கண்ணில் இருந்த கெஞ்சலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துபோனது. மகனும் கறியென்று நினைத்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டால், தான் மட்டும் தவறவில்லை என்று இந்த மனுசனுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். சாப்பிடுங்க, சாப்பிடுங்க என்று மனசுக்குள் கிடந்து அடித்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் ஒரு துண்டைக் கடித்தார். மறு நிமிடம் எழுந்து ஓடி வாசலில் துப்பினார். "அடிப்பாவி, இன்னைக்கு வெள்ளிக்கெழமைடி! அப்பாவுக்கும் இதையேதான் போட்டயா?"

 மாமனார்தான் பதில் சொன்னார். "அது பலாக்காய் சாமி. நீ உக்காந்து சாப்புடு."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி, தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ரெண்டு துண்டு விழுங்கித் தொலைத்திருக்கக் கூடாதா என்று என் வீட்டுக்காரர் மேல் அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.