கிரேனுக்குப் பூட்டிய ஜாய்ஸ்டிக்

திருமழிசைத் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு வெட்டும் கம்பெனி ஒன்றில் மதிவதனி எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்தாள். மோட்டார் புகைந்தால் அவளைத் தேடுவார்கள். மற்ற நேரத்தில் அவள் ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது.

வெள்ளானூரில் அவளுக்கு எதிர்வீடு வீராசாமி. அதே கம்பெனியில் கிரேன் ஓட்டுபவர். கூரையை ஒட்டிய தண்டவாளத்தில் ஓடும் கிரேன். அதன் கேபினுக்கு இரும்பு ஏணியில்தான் ஏறவேண்டும். அவருக்கோ இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாட்டைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வார். ஒண்ணுக்குப் போக இறங்கவேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டிருந்தார்.

“டாக்டராண்ட காட்னீங்களா மாமா?”

“காட்னேன். ஏணி ஏறாதன்றாரு. ஏறலன்னா சோறு அவரா போடுவாரு?”

அதைக் கேட்டபிறகு மதிவதனிக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. கீழேயே நாற்காலியில் உட்கார்ந்து அவர் கிரேனை ஓட்டினால் என்ன? முதலாளி பார்த்தசாரதியிடம் கேட்டாள். “பெருசா செலவு வெக்காம பண்றதுன்னா பண்ணும்மா” என்றார். ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய், கம்ப்யூட்டரில் விளையாடுகிற யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக் ஒன்று வாங்கி வந்தாள்.

வீட்டில் அதை, கிரேன் மோட்டாருக்கு உத்தரவு கொடுக்க வைத்திருந்த மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் செருகினால் ஒரு சலனமும் இல்லை. போர்டு கெட்டுவிட்டதோ என்று மாற்றிப் பார்த்தாள். பிறகுதான் விளங்கியது: கம்ப்யூட்டர் வாய்திறந்து கேட்டால்தான் ஜாய்ஸ்டிக் பதில் சொல்லும், அவளுடைய போர்டுக்கோ கேட்கவே தெரியாது. இரண்டு விருந்தாளிகள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், வீட்டுக்காரர் இல்லை. அப்படிக் கேட்பதற்கென்றே விற்கிற ஹோஸ்ட் போர்டு ஒன்றை வாங்கி அதன்மேல் பொருத்தியதும் கம்ப்யூட்டர் திரையில் எண்கள் ஓடின. குச்சியைச் சாய்த்தால் எண் ஏறியது. விட்டால் நடுவுக்கு வந்து லேசாக நடுங்கியது. அந்த நடுக்கத்துக்கெல்லாம் கிரேன் நகராதபடி ப்ரோக்ராமைத் திருத்தினாள். பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் ஓடும், கையெடுத்தால் நின்றுவிடும் என்றும் வைத்தாள்.

விடுமுறை நாளில் அதைக் கிரேனோடு இணைத்து அவளே ஓட்டிப் பார்த்தபோது கொக்கியில் தொங்கிய தகடு ஊஞ்சல் மாதிரி ஆடியது.

“மேல நீங்க ஓட்றப்ப ஆடவே ஆடாதே மாமா?”

“அது ஆடும். நான் ஆட வுட மாட்டேன்” என்றார் வீராசாமி. “நிறுத்தறதுக்கு முன்னாடியே மெதுவாக்கணும். அது முன்னாடி போவும்போது, கிரேன கூடவே ஓட்டி ஒரு சின்ன தட்டு. அவ்ளோதான்.”

அவரை ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். எங்கே மெதுவாக்குகிறார், எப்போது தட்டுகிறார், எல்லாவற்றையும் ப்ரோக்ராமில் ஏற்றினாள். அதன்பிறகு தகடு ஆடவில்லை. வீராசாமி நாற்காலியில் காலை நீட்டிச் சிரித்தார். “ராஜா மாதிரி கீறேன் மதி!” அடுத்த வேலைநாளில் மதிய சாப்பாட்டை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பார்த்தசாரதி பார்க்க வந்தார். ஜாய்ஸ்டிக்கை வாங்கித் தாமே ஒரு தகட்டைத் தூக்கி, பூப்போல இறக்கினார்.

“இதை யார் வேணா ஓட்டலாம் போலிருக்கே?”

“ஆமா சார், யார் வேணா ஓட்டலாம்” என்றாள் மதிவதனி. பெருமையாகத்தான் சொன்னாள்.

அடுத்த மாதம் வீராசாமியை வரவேண்டாம் என்றார்கள். தகடு அடுக்கும் லோகேஷ், அந்த வேலையோடு கிரேனையும் பார்த்துக்கொண்டான். மதிவதனி ஆபீசுக்கு ஓடினாள். “சார், அவருக்காகத்தானே செஞ்சேன்?”

“அவருக்கும் நல்லதுதானம்மா. இந்தக் காலோட எதுக்கு அலையணும்? ரெஸ்ட் எடுக்கட்டும்.”

மதிவதனி வெளியே வந்தாள். வேலையை விடலாம் என்று தோன்றியது. விடவில்லை.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனாள். வீராசாமியின் மனைவி ராஜகுமாரி வாசலிலேயே மறித்து நின்றாள்.

“மூட்டுதானே வலிக்குதுன்னான் எம்புருஷன்? வேல வலிக்குதுன்னா சொன்னான்?”

“அக்கா, நான் வந்து...”

“நல்லது பண்ணிட்டம்மா. போ.”

உள்ளே டிவியின் சத்தத்தை யாரோ கூட்டினார்கள். வீராசாமி வெளியே வரவில்லை. பிறகு பூந்தமல்லி பக்கம் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது அவருக்கு. கார் வரும்போதெல்லாம் எழுந்து நின்று கேட்டைத் திறக்கிற வேலை.

மதிவதனியின் சம்பளத்தைக் கூட்டினார்கள். அம்பத்தூரில் இருக்கும் இன்னொரு யூனிட்டுக்கும் இதேபோல் செய்யச் சொன்னார்கள். ப்ரோக்ராமில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அங்கே அவள் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது, மேலே கேபினிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் தலையை நீட்டினார்.

“இன்னாம்மா மாட்டிகினு கீற?”

“ஒண்ணுமில்லண்ணா. சும்மா, லைன் செக் பண்றேன்” என்றாள். அவர் வெயில் கொளுத்துவதைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மதிவதனி அடுத்த ஸ்க்ரூவை எடுத்து முடுக்கினாள்.