சல்லடை படிக்காத விண்ணப்பம்

அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். வேறொருவராக இருந்தால் கோபப்பட்டிருப்பார். இவர் அதைப் பட்டம் வாங்கிய மாதிரி வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடங்களுக்கு உதவும் சின்ன தொண்டு நிறுவனம் அது. மாடியில் இரண்டே அறைகள், ஓயாமல் முனகும் ஒரு மின்விசிறி. வருடத்துக்கு அறுபது, எழுபது விண்ணப்பங்கள் வரும். நான்கு பள்ளிகளுக்குத்தான் கொடுக்க முடியும். அத்தனையையும் மூன்று முறை படிப்பவர் சல்லடை ஒருவர்தான். சந்தேகம் வந்தால் பள்ளிக்கே ஃபோன் போட்டு, "குடிக்கத் தண்ணி எங்கேர்ந்துங்க வருது?" என்று கேட்பார். இல்லாத பள்ளிக்கூடம் அந்த ஒரு கேள்வியில் திக்கித் திணறிவிடும். பிறகு ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கச் சுருக்கம் எழுதுவார். தேர்வுக்குழுவில் ஐந்து பெரிய மனிதர்கள். அந்த அரைப் பக்கத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். பத்து வருடமாக அவர்கள் ஒரு விண்ணப்பத்தையும் முழுதாகப் படித்ததில்லை. அதில் இவருக்கு வருத்தம் இல்லை, உள்ளூர ஒரு பெருமைதான். நான் இருக்கும்போது அவர்கள் ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பார்.

அங்கே ஒரு விதியையும் அவர்தான் கொண்டுவந்தார். ஒரு வருடம் குழுவிலிருந்த ஒருவரின் மச்சான் நடத்திய பள்ளிக்கு நிறுவனக் காசில் பேருந்து போய்விட்டது. இவர் கொதித்துப்போய், தன் சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட விண்ணப்பத்தை யாரும் தொடக்கூடாது, பேசக்கூடாது, அறையிலும் இருக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறோம் என்று அன்றைக்கு அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த வருடம் அவருடைய அக்காவின் பள்ளி, ஒரு டீச்சர் சம்பளத்துக்காக விண்ணப்பித்தது. ஒரே அறை, மூன்று வகுப்பு, நாற்பத்தோரு பிள்ளைகள், டீச்சர் என்று அக்கா ஒருத்திதான். பள்ளி திறப்பதற்குள் இன்னொரு டீச்சர் வராவிட்டால், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கமுள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். லாரி பறக்கிற ரோட்டைத் தாண்டிப் பாதிப் பிள்ளைகளை வீட்டில் அனுப்பமாட்டார்கள். அதிலும் பெண்பிள்ளைகள் படிப்பு அத்தோடு சரி.

"நான் எதுவும் செய்ய முடியாதுக்கா."

"நீ அங்க இருக்கறதே எனக்கு இடைஞ்சல்தான்டா" என்று அக்கா சிரித்தாள். "நீ ஒண்ணும் செய்ய வேணாம். யாராவது படிச்சாப் போதும். அவ்வளவு உண்மையா எழுதியிருக்கேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இவர் தானே போய்த் தேர்வுக்குழுத் தலைவியிடம் சொன்னார். அக்காவின் விண்ணப்பத்தைக் கணக்குப் பிரிவுப் பெண் பிரதி எடுத்தாள். "சுருக்கம் இல்லை, முழுதும் படிக்கவும்" என்ற குறிப்போடு உறையில் போட்டு, நன்றாகப் பசை தடவி, ஐந்து பேர் வீட்டுக்கும் பத்து நாள் முன்பே அனுப்பிவிட்டாள்.

கூட்டத்தன்று அந்தப் பள்ளியின் முறை வந்ததும் சல்லடை எழுந்து வெளியே போனார். மாடிப்படியில் உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். மனது லேசாகிவிட்டது. எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் என்று நினைத்தார், பாவம்.

எல்லாரும் எழுந்து போனதும் மேசையைத் துடைக்கும்போது, அவர்கள் கொண்டுவந்து விட்டுப்போன அந்த ஐந்து உறைகளையும் பார்த்தார். ஒன்றில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம். ஐந்திலும் பசை அப்படியே இருந்தது.

கீழே ஓடி, காரில் ஏறப்போன தலைவியை நிறுத்தினார். "மேடம், அது... யாருமே பிரிக்கலயே."

"சுருக்கம் இல்லாம எப்படிங்க மார்க் போடறது? நாங்க என்ன செய்ய? அதைப் பத்தி நீங்க பேசவே கூடாதே. உங்க விதிதானே!" அந்த அம்மாள் கோபமாகச் சொல்லவில்லை. அவரைச் செல்லமாகக் கிண்டல் செய்து சிரித்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் நிராகரிப்புக் கடிதங்கள் போயின. அந்தக் கடிதமும் பல வருடங்களுக்கு முன் அவர் எழுதிவைத்ததுதான். அதில் அவருக்குப் பிடித்த வரி, "தங்கள் விண்ணப்பத்தை ஒரு வரி விடாமல் படித்தோம்" என்பது. உதவிதான் இல்லை, மரியாதையாவது இருக்கட்டும் என்று சேர்த்த வரி. இத்தனை வருடம் அது சத்தியமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் இடைவேளை நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"லெட்டர் வந்துச்சுடா. பரவால்ல. ஒரு வரி விடாம படிச்சிருக்காங்களே, அதுவே பெரிசு. எதுல குறைஞ்சுதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லேன். பிள்ளைங்களைப் பத்தி எழுதினது சரியில்லையா?"

"யாரும் படிக்கலக்கா."

"நீ?"

"நானும்தான்."

அக்கா, "சரிடா, மணி அடிக்கணும்" என்று வைத்துவிட்டாள்.