இடது கைப் பிடி எப்ப வரும்?

துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கு உதிரிபாகம் விற்பவர்களுக்குக் குறி பார்க்கும் கண் தேவையில்லை, "எப்ப வரும்?" என்ற கேள்வியைக் காலையிலிருந்து மாலை வரை தாங்கும் காது இருந்தால் போதும்.

என் பெயர் மும்தாஜ். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் கடை. கீழேயிருந்து மல்லித்தூள் வாசம் ஏறி வரும். மேலே நாங்கள் போட்டிக்கான ஏர் ரைபிளின் பாகங்களை வரவழைத்துக் கொடுக்கிறோம். துப்பாக்கி என்றதும் பயந்துவிடாதீர்கள். இந்த ஊரில் அது கிளப்பின் பூட்டிய அறையைத் தாண்டி வெளியே வராது. சொந்தக்காரரே ஆனாலும் கிளப்புக்குப் போய்த்தான் அதைத் தொட முடியும். எங்கள் கடையில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. இருப்பதெல்லாம் கேட்லாக், கோப்பி, அப்புறம் நான்.

இப்போது வரும் ரைபிள்கள் மாடுலர் ரகம். தோளில் முட்டும் பின்தகடு, கன்னம் சாய்க்கும் தட்டு, கைப்பிடி என்று ஒவ்வொன்றையும் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். நல்ல வசதிதான். ஆனால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஒரு மனிதரிடம் சொல்லிப் பாருங்கள், அன்றோடு அவர் நிம்மதி போயிற்று. அரசாங்கத்தில் பதிந்துவிட்டு, கட்டி முடிக்கும் வரை பிடிஓ வீட்டுச் சாவிக்காகக் காத்திருப்பவர்கள், சோபா இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று தரையில் உட்கார்ந்து டிவி பார்ப்பவர்கள், எல்லாருக்கும் என் பாடு புரியும். உங்களை நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கன்னம் சாய ஒரு தட்டு

சுப்பிரமணியம் சார் கப்பல் பட்டறையில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கன்னத்தட்டு ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். கொடுத்த மறுவாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் கையில் கறிபாப் பொட்டலத்தோடு படியேறி வருவார். ஐரோப்பாவில் இருக்கும் அந்தத் தொழிற்சாலை கோடை வந்தால் மொத்தமாகக் கதவைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "பேக்டரியில கொஞ்சம் பிஸி சார்" என்பேன். கறிபாப்பைத் தின்றுகொண்டே பொய் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும்.

பழைய தட்டு தாழ்வாக இருந்ததால், அதன்மேல் துண்டை மடித்துக் கட்டிச் சுட்டுக்கொண்டிருந்தார். புள்ளி குறையும்போதெல்லாம் துண்டைத் திட்டுவார், தட்டைத் திட்டுவார், ஐரோப்பாவைத் திட்டுவார். கடைசியில் ஒருநாள் தட்டு வந்தது. ஆள் துள்ளுவார் என்று பார்த்தால், அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முகம் வாடிப்போனார்.

"வந்துருச்சும்மா. இனிமே சரியா சுடலைன்னா நான் யாரைக் குறை சொல்றது?"

வெறுங்கை வீரர்கள்

இந்த விளையாட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துப்பாக்கி இல்லாமலே, இருப்பது மாதிரி நினைத்துக்கொண்டு நிற்பார்கள். இடுப்பைக் கொஞ்சம் ஒடித்து, முழங்கையை விலாவில் ஊன்றி, கன்னத்தைச் சாய்த்து, மூச்சை அடக்கி ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். உடம்புக்கு அது மறக்கக்கூடாதாம். வீட்டில் செய்தால் மனைவி சிரிக்கிறாள் என்று என் கடைக்கு வந்து செய்வார்கள்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேர் வந்திருந்தார்கள். மூவருக்கும் பாகம் வரவில்லை. வரவில்லை என்று கேட்ட ஏமாற்றத்தில் ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிலையெடுத்தார். பக்கத்திலிருந்தவருக்கும் கை ஊறியது. மூன்றாமவர் மட்டும் சும்மா இருப்பாரா? வங்கி அதிகாரி, டாக்சி ஓட்டுநர், பள்ளிக்கூட வாத்தியார் மூவரும் வரிசையாக நின்று இல்லாத துப்பாக்கியால் கடிகாரத்தைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, தையல் கடையைத் தேடிப் படி மாறி ஏறிவிட்ட ஒரு அம்மா, ரவிக்கைத் துணியோடு வாசலில் வந்து நின்றார். அவர்கள் மூவரையும் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னிடம் மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, இவங்க இப்படி முறைச்சா மணி சீக்கிரம் போயிருமா?"

ஆள் பிடிக்கிறேன் என்றவள்

இவர்களையெல்லாம் வைத்துச் சிரிக்க முடிந்த எனக்கு, தேன்மொழியை வைத்துச் சிரிக்க முடிந்ததில்லை. கிளமெண்டியில் பாலர் பள்ளி ஆசிரியை. இருபத்தேழு வயது. இடது கைக்காரி. அவள் கேட்டது ஒரே ஒரு இடது கைப் பிடி. வலது கைப் பிடியைத் தொழிற்சாலையில் வருடம் முழுக்கச் செய்து குவிப்பார்கள். இடது கைக்கு மட்டும், உலகம் முழுவதும் போதுமான ஆர்டர் சேர்ந்தால்தான் மெஷினைத் தொடுவார்கள்.

அதுவரை வலது கைப் பிடியிலேயே மரத்தூள் பசையான மரமக்கைக் குழைத்து அப்பி, தன் கைக்குத் தக்கபடி செதுக்கி வைத்துச் சுட்டாள். உள்ளங்கையில் காய்ப்பு ஏறியிருந்தது. பாங்காக் போட்டிக்கு அவள் கிளப்பிலிருந்து ஒரே ஒரு பெண்ணை அனுப்புவார்கள். போன வருடம் மயிரிழையில் அந்த இடத்தைத் தவறவிட்டவள் அவள். இந்த வருடம் விடுவதில்லை என்று இருந்தாள். கடைக்கு வந்தால் கேட்லாக்கை எடுத்து, அந்தப் பிடியின் படத்தை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆர்டர் இன்னும் சேரவில்லை என்று ஒருநாள் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் எத்தனை இடது கைக்காரங்க வேணும்னு கேட்டுச் சொல்லுங்க அக்கா, நானே போய் ஆள் பிடிச்சுட்டு வர்றேன் லா!"

பிடித்துக்கொண்டே வந்துவிட்டாள்

விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நினைத்தேன். அடுத்த மாதமே ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஜெயந்தி, மார்சிலிங்கில் குடியிருக்கும் ஆஸ்பத்திரித் தாதி. நாற்பதைத் தாண்டியவர். கிளப்பில் புதிதாகச் சேர்ந்து, எல்லாரையும் போல வலது தோளில் வைத்துச் சுட்டு, எல்லாருக்கும் கடைசியாக வந்துகொண்டிருந்தவர். அவர் கேன்டீனில் இடது கையால் தே தாரிக் டீ கிளாசைத் தூக்குவதைத் தேன்மொழி பார்த்திருக்கிறாள். ஒரு காகிதத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாகப் பார்க்கச் சொல்ல, அவர் காகிதத்தை இடது கண்ணுக்குத்தான் கொண்டுபோயிருக்கிறார். போதாதா! இடது தோளுக்கு மாற்றிவிட்டு, தன்னுடைய ரைபிள் மாடலையே வாங்க வைத்து, மரமக்கை அப்பிச் செதுக்கவும் இவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இப்போது பிடிக்கு ஆர்டர் போடக் கூட்டி வந்திருக்கிறாள். உலகக் கணக்கில் ஒன்று கூடுமே என்ற சந்தோஷம் அவளுக்கு.

ஜெயந்தியின் புள்ளிகள் வாரா வாரம் ஏறத் தொடங்கின. பாங்காக் போகும் அந்த ஒரே இடத்துக்கு இப்போது இவரும் போட்டி. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறாளே இந்தப் பெண் என்று வாய்வரை வந்தது. ஜெயந்தியின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை.

"இத்தனை நாளா எனக்குக் கண்ணுதான் சரியில்லைன்னு நெனச்சிட்டு இருந்தேங்க. கைதான் மாறியிருக்கு."

விமானம் வந்த பிறகும்

ஒருவழியாக ஆர்டர் சேர்ந்தது. மெஷின் ஓடியது. பெட்டியும் கிளம்பியது. அதன்பிறகு தேன்மொழிக்குத் தூக்கம் போயிற்று. பள்ளிப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, மத்தியான வேளையில் கைப்பேசியில் டிராக்கிங் நம்பரைப் போட்டுப் பெட்டியைத் தேடுவாள். துபாயில் இருக்கிறது என்பாள். கிளம்பிவிட்டது என்பாள். "சாங்கி வந்துருச்சு அக்கா!" என்று அவள் கத்திய கத்தலில் என் காது ரீங்காரமிட்டது.

சாங்கி விமான நிலையத்துக்கு வந்தால் கடைக்கு வந்ததாக அர்த்தமில்லை. துப்பாக்கிக்கு மாட்டும் பொருளென்றால் சும்மா விடுவார்களா? அனுமதி, பரிசோதனை என்று முறையாக எல்லாம் முடிய வேண்டும். ரயிலேறினால் போய்விடுகிற தூரத்தில் பெட்டி இருக்கிறது, கைக்கு வரவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. தூரத்தில் இருந்தபோதுகூட இப்படித் தவிக்கவில்லை. கடையில் சரக்கு பார்த்துக்கொள்ளும் ராஜாவிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். ராஜாவுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். மனைவி ஊரில் இருக்கிறாள். அட்டைப்பெட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"என் பொண்டாட்டிக்கு அந்த நம்பரெல்லாம் தேவையே இல்லக்கா. நான் இருக்கிற இடத்தை விட்டு நகரலைன்னு அவளுக்கே தெரியும்."

பெட்டியில் ஒன்று

பாங்காக்குக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டி நடக்கும் வாரத்தில் பெட்டி கைக்கு வந்தது. உடைத்தால், ஒரே ஒரு பிடி. ஜெயந்தியுடையது அடுத்த தவணையில் வருமாம். அடுத்த தவணை எப்போது என்று கேட்டால், மறுபடியும் ஆர்டர் சேர வேண்டுமாம்!

மரியாதைக்கு வருத்தப்பட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். ஒளிப்பானேன்? தேன்மொழி எங்கள் வீட்டுப் பெண் மாதிரி ஆகியிருந்தாள். அந்த நெருங்கிய போட்டியில் அல்லா பார்த்து ஒரு பக்கம் சாய்த்துவிட்டான் என்று நினைத்தேன். இருந்தாலும் ஜெயந்தியிடம் என்ன சொல்வது என்று தயங்கி முதலாளியைக் கேட்டேன். சாகுல் பாய் கோப்பியிலிருந்து வாயை எடுக்கவில்லை.

"முதல் ஆர்டருக்கு முதல் சரக்கு. அதுக்கப்புறம் அந்தப் பிடியை அந்தப் புள்ளை பூசை பண்ணாலும் சரி, புட்டுத் தின்னாலும் சரி, நமக்கு என்ன?"

ஆலன் கீ

போட்டியைப் பார்க்க நானும் போனேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. இடம் போதாது என்பதால் பாதிப் பேர் முதலில் சுட, மீதிப் பேர் பிறகு. தேன்மொழி முதல் அணியில். புதுப் பிடி அவள் கைக்குள் அப்படி அடங்கியிருந்தது. சத்தமே இல்லாத விளையாட்டு அது. டப், டப் என்று சின்ன ஓசை மட்டும். நான் துஆ ஓதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முடித்தபோது போன வருடத்தைவிடப் புள்ளி எவ்வளவோ கூடுதல். எல்லாரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் அடங்கவில்லை, அவள் தரையில் உட்கார்ந்து திருகாணி கழற்றும் ஆலன் கீயைத் திருகி அந்தப் பிடியை எடுத்தாள். நேரே ஜெயந்தியிடம் போய், மரமக்கு அப்பிய பழைய பிடியை எடுத்துவிட்டு இதை மாட்டினாள். ஒரே மாடல், கச்சிதமாக உட்கார்ந்தது. அதிகாரி பார்த்துத் தலையசைத்தார். பயிற்சியிலேயே நாலு நாளாக இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்களாம்! எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜெயந்தி இரண்டாம் அணியில் சுட்டார். கடைசிக் குண்டு வரை இழுத்துக்கொண்டு போய், ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் ஜெயந்தி ஜெயித்தார். ஜெயித்தவர் இவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். இவள் அழவில்லை.

திங்கட்கிழமை கடைக்கு வந்தாள். பிடி அவளிடம் இல்லை. பாங்காக் போகிறவருக்கு அது வேண்டுமல்லவா, கொடுத்துவிட்டாளாம். எனக்கு வந்த கோபத்துக்கு, "உனக்குப் புத்தி கித்தி இருக்கா? தெய்வப் பிறவின்னு நெனப்பா?" என்று சத்தம் போட்டேன். கேட்லாக்கை எடுத்தாள். அந்தப் படம் இருக்கும் பக்கம் தானாகவே திறந்துகொண்டது. அப்போதுதான் அவள் கண் நிறைந்தது.

"தெய்வமும் இல்லை, ஒண்ணும் இல்லை அக்கா. எப்படியும் ஜெயிச்சிருவேன்னு நெனச்சேன், அந்தத் திமிருலதான் கொடுத்தேன்... சரி விடுங்க லா. அவங்க ஆர்டர் பண்ண பிடி வந்தா அது இப்ப எனக்குத்தானே? எப்ப வரும்?"

எங்கள் தொழிலில் சரக்கு வராமல் இழுத்தடிப்பதைக்கூட எப்படியோ பொறுத்துக்கொள்ளலாம், வந்து சேர்ந்த சரக்கு அடுத்தவர் பெட்டியில் ஏறி பாங்காக் போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.