பால் முடிந்த பிறகும் ஓடிய மெஷின்

பால் இருபது நிமிடத்தில் வந்து முடிந்துவிடும். தாய்ப்பால் எடுக்கும் மெஷின் மட்டும் ஐம்பது நிமிடம் ஓடும். மீதி அரை மணி நேரம் அவள் அந்த அறையில் சும்மா உட்கார்ந்திருப்பாள். வீட்டில் இது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்து பதினொரு வருடமாகிறது. கடையின் பின்பக்க அறையில் உட்கார்ந்து லென்ஸை அரைத்து ஃபிரேமில் பொருத்துவாள். அரை மில்லிமீட்டர் கூடினால் லென்ஸ் உள்ளே போகாது, குறைந்தால் கழன்று விழும். அந்தக் கணக்கு வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டதால் புருஷன் அவளுக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர் வைத்திருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். மாமியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

பெண் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. மார்பில் வாய் வைத்து இழுக்கத் தெம்பில்லை. பாட்டிலில் கொடுத்துப் பழகியதும் அதையே பிடித்துக்கொண்டது. அதனால் குழந்தைக்குப் போகிற ஒவ்வொரு சொட்டும் மெஷின் வழியாகத்தான் போக வேண்டும். கடையில் ஃபிரேம் பெட்டிகள் அடுக்கிய மூலையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு இரண்டு தடவை எடுப்பாள். மற்றதெல்லாம் வீட்டில்.

முதலில் ஹாலில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்துதான் எடுத்தாள். முதுகு வளைந்துவிடும். வயர் எட்டாமல் இழுக்கும். ஒரு தடவை கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் நேராக உள்ளே வந்துவிட, பாட்டில் கவிழ்ந்து அவ்வளவும் தரையில் போனது. அதற்குப் பிறகு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பால் வருவது நின்றுவிடும்.

மாமியார் இரண்டு நாள் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கா. பால் எப்படி வரும்? என் ரூமை எடுத்துக்கோ."

"ஐயோ, வேணாம் அத்தை. நீங்க எங்க படுப்பீங்க?"

"ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டே தூங்கினவ நான். ஹால்ல படுக்க எனக்கென்ன?"

சொன்னதோடு நிற்காமல் தலையணையையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு அப்போதே ஹாலுக்கு வந்துவிட்டார்.

புருஷன் இரண்டு லீவு நாளை அந்தச் சின்ன அறைக்குள்ளேயே கழித்தான். ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட கை வைத்த நாற்காலியை வாங்கிவந்து சக்கரங்களைக் கழற்றினான். கால் வைக்க ஒரு பலகை. முழங்கை உயரத்தில் மெஷினுக்கு ஒரு தட்டு. அதற்குப் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட்.

"தட்டை இன்னும் எட்டு மில்லி கீழ இறக்குங்க," என்றாள் அவள்.

"எட்டு மில்லியா? பாலா, தட்டா?"

"தட்டுதாங்க. பாட்டில் சாய்ஞ்சா யார் பொறுப்பு?"

மறுபடி கழற்றி மறுபடி மாட்டினான். ஜன்னலுக்குக் கனமான திரை, கதவுக்கு உள்தாழ்ப்பாள், கண்ணைக் குத்தாத மஞ்சள் விளக்கு, கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில், கழுவிக் கொதிக்க வைத்த சாமான்களுக்கு மூடி போட்ட டப்பா. குழந்தை போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றை நாற்காலிக் கையில் போட்டுவைத்தார் மாமியார். அந்த வாசனைக்குப் பால் சுரக்குமாம். தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, நேரமும் அளவும் எழுதி, ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டுவதும் அவர்தான்.

"டிக்கெட் இல்லாம ஒரு பாட்டிலும் ஃபிரிட்ஜுல ஏறக் கூடாது!"

முதல் நாள் அந்த நாற்காலியில் சாய்ந்தபோது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முதுகு வலிக்கவில்லை. இருபது நிமிடத்தில் தொண்ணூறு மில்லி வந்தது.

அந்தத் தப்பு நான்காம் நாள் தொடங்கியது. கடையிலிருந்து வந்து ஏழு மணிக்கு உள்ளே போனாள். பால் எடுத்து முடித்து, நிறுத்தக் கையை நீட்டினாள். வெளியே மாமியார் குழந்தையிடம், "சத்தம் போடாதடி தங்கம், அம்மா பால் எடுக்கறா," என்று சொல்வது கேட்டது. புருஷன் டிவியைக் குறைத்தான். அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஒரே ஒரு நிமிடம் என்று நினைத்துக்கொண்டாள். பாட்டிலை மூடிவைத்தாள், சட்டையைச் சரி செய்தாள், மெஷினை மட்டும் அப்படியே ஓடவிட்டாள். அந்த ஒரு நிமிடம் பத்தாகி, அடுத்த வாரம் முப்பது ஆகிவிட்டது.

உள்ளே அவள் ஒன்றும் செய்வதில்லை. போனைக்கூடத் தொடுவதில்லை. சுவரைப் பார்ப்பாள். மெஷினின் உர்ரென்ற சத்தத்தில் குழந்தை அழுவது தூரத்தில் யார் வீட்டிலோ கேட்பதுபோல இருக்கும். மாமியார் முழங்கால் வலியோடு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடக்கிறார் என்று தெரியும். தெரிந்தும் எழுந்திருக்க மாட்டாள். வெளியே வரும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. நாளையிலிருந்து கிடையாது என்று தினமும் தனக்குத்தானே சத்தியம் செய்வாள். மறுநாள் ஏழு மணிக்கு அந்தச் சத்தியம் எங்கே போனதென்றே தெரியாது.

மூன்று வாரம் போனது. ஒரு நாள் கடையிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேஜைமேல் புது பால் பவுடர் டின் இருந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

"இன்னிக்கு பாப்பாவுக்கு எடை பார்க்கப் போனோம்ல," என்றார் மாமியார். அவர் குரலில் வழக்கமான உரம் இல்லை. "நர்ஸ் கிட்ட சொன்னேன். முன்னாடி இருபது நிமிஷத்துல வந்த பாலுக்கு இப்ப ஐம்பது நிமிஷம் ஆகுது, வத்திக்கிட்டு வருதுன்னு. நாளைலேர்ந்து ஒரு வேளை டின் பால் சேர்த்துக்கலாம்னு சொன்னாங்க. நீ மனசை விடாதம்மா. எனக்கும் அப்படித்தான் ஆச்சு. இவன் பொறந்தப்ப டியூட்டில எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வருவேன். எடுக்க ஒரு இடம் கிடையாது. ரெண்டே மாசத்துல வத்திப்போச்சு. உனக்கு அப்படி ஆகக் கூடாதுன்னுதான் ரூமைக் குடுத்தேன். இருந்தும்..."

முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

அவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்குள் போனாள். புருஷன் பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, எனக்குப் பால் வத்தல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"லோடு இருந்தா மோட்டார் இழுத்து இழுத்து முனகும். வெறும் காத்தை இழுத்தா லேசா பாடும். நாள் முழுக்க எனக்கு அதைக் கேக்கறதுதானே வேலை? முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு."

அவளுக்கு முகம் சுட்டது. "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எழுந்து வெளிய வந்துடுவ."

"அப்ப இந்த டின்னு?"

"அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நான் என்னன்னு சொல்றது? பொண்டாட்டிக்கு வக்காலத்துன்னு என்னைக் கிழிச்சுடுவாங்க. நீயே சொல்லிடு, மில்லிமீட்டர்."

அவன் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் அவன் சொன்னது சரி, பொய் அவளுடையது. ஹாலுக்கு வந்து மாமியாரின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அத்தை, பால் இருபது நிமிஷத்துலயே முடிஞ்சிடுது. அப்புறம் மெஷினை ஓடவிட்டுட்டு சும்மா உட்கார்ந்திருக்கேன்."

மாமியார் முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கிழமையும்."

"ஒரே டிக்கெட்டை வச்சுக்கிட்டு தெனமும் ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கியிருக்க," என்றார் மாமியார். அதில் சிரிப்பு இல்லை. "ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்து நர்ஸ் முன்னாடி அழுதேன், தெரியுமா? இந்த வயசுல. இந்தக் குட்டி அழறப்பல்லாம், உங்க அம்மா உனக்காக உயிரைப் பிழியறாடின்னு சமாதானம் சொன்னேன்."

அவள் அவர் காலைத் தேய்த்துவிடக் கை நீட்டினாள், மாமியார் காலை நகர்த்திக்கொண்டார்.

"உள்ள அப்படி என்னதான் பண்ணுவ? போனா?"

"இல்ல அத்தை."

"தூக்கமா?"

"இல்ல. சுவத்தைப் பார்ப்பேன்."

"சுவத்தையா?" மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து டின்னை எடுத்து மேல் தட்டில் வைத்தார். "இருக்கட்டும். விஷமா அது? அவசரத்துக்கு ஆகும்."

மறுநாள் ஏழு மணிக்கு உள்ளே போனாள். இருபதாவது நிமிடம் மெஷினை நிறுத்திவிட்டு பாட்டிலோடு வெளியே வந்தாள். மாமியார் வாங்கி நேரத்தை எழுதி ஒட்டினார். பிறகு கையால் கதவைக் காட்டினார்.

"போ. இன்னும் பதினஞ்சு நிமிஷம். மெஷின் வேணாம்."

"வேணாம் அத்தை, நான் பாப்பாவை வச்சுக்கறேன்."

"நான் உன்னைக் கேக்கல, சொல்றேன். எனக்குக் கோபம் இன்னும் போகல. அது வேற, இது வேற. போ."

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். சத்தமில்லாத அறையில் எல்லாமே கேட்டது. குழந்தை முதலில் சிணுங்கியது, பிறகு வீறிட்டது. மாமியார் எழுந்தபோது, "அப்பாடி," என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டது கேட்டது. புருஷன் ஸ்பூனைக் கீழே போட்டான். இவ்வளவும் தினமும் நடந்திருக்கிறது. அவள் ஒரு மோட்டாரை வைத்து அதையெல்லாம் மூடியிருக்கிறாள். எட்டாவது நிமிடம் தாங்காமல் கதவைத் திறந்தாள்.

குழந்தையைத் தோளில் போட்டபடி மாமியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

"அழறாளே, அத்தை."

"அழுவா. அப்புறம் நிறுத்துவா. நான் இருக்கேன்ல? உள்ள போ."

போனாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே அழுகை மெல்ல மெல்ல இறங்கி நின்றுவிட்டது. தான் இல்லாமலே நின்றுவிட்டதே என்று அவளுக்குச் சுருக்கென்றது. இன்னும் கொஞ்சம் அழுதிருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்து, அதற்காகவும் வெட்கப்பட்டாள். ஏழு நிமிடம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.